அன்னம்மாளுக்கு நேர்ந்த சேவல்

கார் வந்த நாளிலிருந்து என் கணவரின் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டுவிட்டது. ரப்பர் விலை விழுந்து வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். எங்கள் தோட்டத்துச் சின்னத் துரை ஊருக்குப் போகும்போது, வாங்க ஆளில்லாமல் கிடந்த தன் பழைய ஆஸ்டினை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இவர் பெயர் பாக்கியநாதன், பாரிட் புந்தாருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். மனிதர்களுக்குக் கட்டுப் போட்டது போதாதென்று இப்போது காருக்கும் கட்டுப் போடுகிறார் என்று தொழிலாளர் லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் காதில் அது விழவில்லை. காது கேட்காத அளவுக்கு அந்தக் கார் சத்தம் போடும்.

காரைப் பற்றிச் சொன்னேன், சேவலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் எங்கள் மகள் ரீத்தாவுக்குக் காட்டுக் காய்ச்சல் கண்டது. ஊருக்கெல்லாம் கொயினா கொடுக்கும் மனுஷன் தன் பிள்ளைக்கும் கொடுத்தார், காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளை யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கியதும் நான் புக்கிட் மெர்தாஜம் கோவில் அன்னம்மாளை, மாதாவைப் பெற்ற தாயை, நினைத்து நேர்ந்துகொண்டேன். என் வீட்டில் பொரித்து, என் கையால் தீனி போட்டு வளர்த்த சேவல் ஒன்றை, அடுத்த திருவிழாவுக்கு என் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு வந்து கொடுக்கிறேன், தாயே, பிள்ளையைக் கொடு என்றேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. கொயினாதான் இறக்கியது என்று இவர் இன்றுவரை சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த நேர்ச்சைக்காக வளர்ந்த சேவலுக்கு ரீத்தா 'பெரிய தொரை' என்று பெயர் வைத்தாள். மார்பை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல், காலை எண்ணி எண்ணி வைத்து நடக்கும். எங்கள் மானேஜர் துரை காலையில் ஆள் எண்ணி மஸ்டர் எடுக்க வருகிற மாதிரியே இருக்கும். இது துரை காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று இவர் பயந்தார், ஆனாலும் சாயங்காலத்தில் யாரும் இல்லாதபோது சேவலுக்குச் சலாம் வைப்பார்.

ஜூலை மாதம் திருவிழாவுக்குப் புறப்பட்டோம். கோவில் மலையடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர் மரங்கள். தூரத்துச் சனங்கள் மாட்டு வண்டியிலும் லாரியிலும் வந்து, மரத்தடியில் கூடாரம் போட்டு, கல்லைக் கூட்டிச் சமைத்து இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் தங்குவதாக இருந்தோம். கூடாரத்துக்குக் கித்தான் வேண்டும். அது பினாங்கில் தன் அக்காள் வீட்டில் இருக்கிறது, வாங்கிக்கொண்டு வரலாம் என்றார் இவர். கோவிலைத் தாண்டிப் போய், கடலையும் தாண்டிப் போய், ஒரு கித்தானுக்காகத் திரும்பி வருவானேன் என்று கேட்டேன். பதில் எனக்கே தெரியும். அக்காளுக்குக் காரைக் காட்ட வேண்டும்.

அங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். இவருடைய அந்த அக்காள், என் அண்ணி அமலம்மாளுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் வருஷம் தவறாமல் அதே அன்னம்மாள் கோவிலுக்குப் போய் முழங்காலில் நின்றவர். ஒரு வருஷம் திரும்பி வந்து, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு அவர் எதிரில் அந்தக் கோவில் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. என் பிள்ளை பிழைத்ததற்கு நன்றி சொல்லப் போகிறேன் என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"கோவிலுக்குப் போறோம்னு அக்காகிட்ட சொல்லாதீங்க," என்றேன் இவரிடம். "சும்மா ஊர் சுத்திப் பாக்கப் போறோம், காட்டுல கூடாரம் போட்டுத் தங்கப் போறோம்னு சொல்லுங்க. வெள்ளக்காரங்கல்லாம் செய்யலையா?"

இவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ரீத்தாவிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். பின் சீட்டில் நானும் ரீத்தாவும் பாத்திர மூட்டையும். எங்கள் நடுவில் கூடைக்குள் பெரிய தொரை. நிபோங் திபாலில் கார் ஒருமுறை நின்றது. இவர் இறங்கி, நாடி பிடித்துப் பார்க்கிற முகத்தோடு மூடியைத் திறந்தார், எதையோ தட்டினார், அது ஓடியது. புக்கிட் மெர்தாஜம் மலை தெரிந்ததும் நான் சிலுவை போட்டுக்கொண்டு, நாளைக்கு வந்துவிடுகிறோம் தாயே என்று முணுமுணுத்தேன். பட்டர்வொர்த்தில் காரோடு பெர்ரியில் ஏறினோம். நடுக் கடலில் பெரிய தொரை கழுத்தை வெளியே நீட்டி நீட்டமாக ஒரு கூவல் போட்டது. பெர்ரியில் இருந்த சீனர்களும் மலாய்க்காரர்களும் வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தியும் சேர்ந்து சிரித்தார்கள். ரீத்தா எழுந்து நின்று எல்லாருக்கும் கையசைத்தாள். ஒரு வருஷத்துக்கு முன் கஞ்சியை விழுங்கத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளை. நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன்.

பினாங்கில், டத்தோ கிராமாட்டில் இருந்த அண்ணியின் வீட்டு வாசலில் இவர் தேவைக்கு மேல் நாலு தடவை ஹாரன் அடித்தார். அண்ணி வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஓடுதா, நீதான் தள்ளிக்கிட்டு வந்தியா?"

"அக்கா, நீ சும்மா இரு," என்றார் இவர். ஆனால் சந்தோஷத்தில் முகம் சிவந்திருந்தது.

அண்ணியின் கணவர் பெஞ்சமின் அண்ணன் துறைமுகத்துக் கிட்டங்கியில் வேலை செய்பவர். நாங்கள் வருவதற்காக லீவு போட்டிருந்தார். கித்தானை ஏற்கெனவே உதறி மடித்து வைத்திருந்தார். எங்கே போகிறோம் என்று அண்ணி கேட்டதும் இவர் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

"மாக்கான் ஆங்கினா?" என்றார் அண்ணி. காற்று வாங்கப் போவதற்கு இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் மலாய்ச் சொல் அது. "காத்து வாங்கறதுன்னா கடற்கரைக்குப் போயிட்டு வா. வீடு வாசல் இருக்கறப்ப கொசுக்கடியில போய் எதுக்குடா படுக்கணும்?"

"வெள்ளக்காரன் படுக்கறான்ல."

"அவனுக்கு இங்க வீடு இல்ல, படுக்கறான்."

இப்படிப் பேசிக்கொண்டே சாமான்களை உள்ளே கொண்டு போனார்கள். அண்ணிக்கென்று நான் கொண்டு வந்த வாழைத்தாரும் முட்டையும் சமையலறையில் போய்ச் சேர்ந்தன. சேவல் கூடையும் அவற்றோடு சேர்ந்து போனது. நான் அதைக் கவனித்தேன், நிழலாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தம்பி கொண்டு வந்து சமையலறையில் இறக்கிய பொருள் யாருக்கு என்று எந்த அக்காளும் கேட்க மாட்டாள். இது எனக்குத் தெரியாததா? ஆனால் அப்போது என் மூளை முழுவதும், கோவில் பேச்சு வந்துவிடக் கூடாதே என்பதிலேயே இருந்தது.

பெஞ்சமின் அண்ணன் எங்களை டவுன் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். சமையல் இருக்கிறது என்று அண்ணி வரவில்லை. காரிலேயே போகலாம் என்றார் இவர். ரீத்தாவோ மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும் டிராலி பஸ்ஸைப் பார்த்துவிட்டாள். அதில்தான் போக வேண்டும் என்று நடுரோட்டில் உட்காராத குறை. இவர் காரைத் தடவிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். கடற்கரைத் திடலில் கப்பல்களைப் பார்த்தோம். சௌரஸ்தா பாசாரில் கூட்டத்தில் இடிபட்டோம். சிவப்புச் சர்பத் ஊற்றிய ஐஸ் உருண்டையை ரீத்தா முழங்கை வழியே ஒழுகவிட்டு உறிஞ்சினாள். ஒரு சீனக் கடையில் பெஞ்சமின் அண்ணன் அவளுக்குக் காகிதக் குடை வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கால் வலித்தது, ஆனால் கல்யாணமான பிறகு நான் அவ்வளவு சிரித்த நாள் அதுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது பிற்பகல் ஆகிவிட்டது. தெருமுனையிலேயே மசாலா வாசனை வந்து கையைப் பிடித்து இழுத்தது. அண்ணி இலை போட்டுத் தயாராக இருந்தார். உட்கார்ந்தோம். தேங்காய் அரைத்து விட்ட கோழிக் குழம்பு, மேலே எண்ணெய் மிதந்து நின்றது. என் வாழ்நாளில் அதுபோல் ஒரு குழம்பைச் சாப்பிட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். கோழிக்காலை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ரீத்தா தன் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்படியே திரும்பி வந்தாள்.

"அத்தை, பெரிய தொரை எங்க?"

"எந்தத் தொரைடி?"

"சேவல்."

"ஒன் எலையில இருக்கே கண்ணு," என்றார் அண்ணி சிரித்துக்கொண்டு. "நாளைக்கு வெள்ளிக்கிழம, கறி ஆகாது. நீங்களும் காட்டுக்குப் போயிருவீங்க. அதான் இன்னைக்கே அறுத்துட்டேன். வறுத்தது தனியா எடுத்து வெச்சிருக்கேன், சனிக்கிழமைக்கு ஆகும்."

என் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இவர் எலும்பைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரீத்தா கையிலிருந்த சோற்றை இலையில் போட்டுவிட்டு என் பக்கம் வந்தாள்.

"அது அன்னம்மாளுக்குக் கொண்டு போற கோழி," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, எனக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துருமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் நான் உடைந்துவிட்டேன். என் மனத்தில் ஓடிய பயமும் அதேதான். எச்சில் கையோடு பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். இவர் என்னைத் தேற்றுகிறேன் என்று சௌரஸ்தாவில் வேறு சேவல் வாங்கலாம் என்றார். என் வீட்டில் பொரித்து என் கையால் வளர்த்த சேவல் சௌரஸ்தாவில் விற்கிறதா என்று அவரைக் கடித்துக் குதறினேன். பிறகு, எதையும் மறைக்கிற நிலைமையில் நான் இல்லை, காய்ச்சல், நேர்ச்சை, கோவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அண்ணி கரண்டியோடு நின்ற இடத்திலேயே நின்றார்.

"அப்ப காட்டுல கூடாரம்னு சொன்னது பொய்யா?"

இவர் எலும்பை இலை ஓரத்தில் வைத்தார்.

"நான் கண்ணு வெச்சிருவேன்னு நெனச்சியா ஆலிஸு?"

"ஐயோ, இல்ல அண்ணி. ஒங்களுக்கு மனசு நோகும்னுதான்..."

"நோகும். ஏன் நோகாது?" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "கல்லா நான்? நொந்தா ஒரு மூலையில ஒக்காந்து அழுதுட்டு எந்திரிப்பேன். இந்தப் புள்ள சாகக் கெடந்துச்சு, பொழச்சுச்சு, அது எனக்குத் தெரிய வேணாமா? எல்லாரும் கூடிக் கூடிப் பேசி என்னைய வெளிய நிறுத்திட்டுப் போறீங்களே, அது அதவிட நோகுது."

பெஞ்சமின் அண்ணன் எழுந்து போய் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தார். அண்ணி கொல்லைப்புறம் போனார். பாத்திரங்களைத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பாத்திரங்கள்தான் பாவம்.

கழுவி முடித்து வந்தவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அறுத்தது நான். நானே வந்து அவகிட்ட சொல்றேன். நாளைக்கு நாங்களும் வர்றோம்."

"எங்க?" என்றார் பெஞ்சமின் அண்ணன் நம்பாமல்.

"மாக்கான் ஆங்கின்."

மறுநாள் காலை பூசை முடிந்ததும் பினாங்கு ரோட்டு சவேரியார் கோவில் சாமியாரிடம் போய் நின்றோம். நேர்ச்சை நிறைவேற்ற முடியாமல் போனால் சாமியார்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். அவர் பிரெஞ்சுக்காரர், தமிழைப் பிசகில்லாமல் புத்தகத்தில் இருக்கிறபடியே பேசுவார். முழுக் கதையையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்தச் சேவலை உண்டவர் யார்?"

"நாங்க எல்லாருமே சாமி," என்றேன் தலையைக் குனிந்துகொண்டு.

"சுவையாக இருந்ததா?"

"ரொம்ப, சாமி," என்றார் இவர் சட்டென்று. நான் அவர் காலை மிதித்தேன்.

சாமியார் தாடிக்குள் இருமினார். இருமலா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. "அன்னம்மாளுக்குப் பசி இல்லை," என்றார். "அவளைத் தேடி வருகிறவர்களுக்குப் பசி உண்டு. கோழிக்குப் பதிலாக அவர்களுக்கு ஒரு வேளை அன்னம் இடுங்கள். சமைத்த கையே சமைக்கட்டும்."

அதற்கப்புறம் அந்த ஆஸ்டின் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஏற்கெனவே பாதி உயிர். அதில் பெஞ்சமின் அண்ணன் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்த அண்டா, அரிசி மூட்டை, பருப்பு, நெத்திலிக் கருவாடு, கித்தான், நாங்கள் ஐந்து பேர். அண்டாவைக் கூரைமேல் கட்டினோம். துறைமுகத்துக்குப் போகும் வழியெல்லாம் ரிக்ஷாக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவருக்குக் கழுத்து மறுபடியும் நீண்டுவிட்டது. புக்கிட் மெர்தாஜத்தில் கோவில் ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கி நின்றது. இறங்கித் தள்ளினோம். இது ஓடுதா என்று முந்தின நாள் தான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று அண்ணி தள்ளிக்கொண்டே சொன்னார்.

மரங்களுக்கு நடுவே கித்தானைக் கட்டினோம். கட்டிய சூட்டோடு மழை பிடித்துக்கொண்டது. பெஞ்சமின் அண்ணன் கட்டிய பக்கம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இவர் கட்டிய பக்கம் மொத்தமாகச் சாய்ந்து இவர் தலையிலேயே கொட்டியது. பக்கத்துக் கூடாரத்துச் சனங்கள் சிரித்துக்கொண்டே வந்து தூக்கி நிறுத்தினார்கள். அண்ணி மட்டும் கோவில் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. மழை விட்டு எல்லாரும் செபத்துக்குப் போனபோதும் விறகு நனைகிறது என்று சொல்லி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை நடுப்பகலில் அண்டா இறங்கியது. சோறு, பருப்பு, மிளகாய் அரைத்து வதக்கிய, கண்ணில் நீர் வரவைக்கும் நெத்திலிச் சம்பல். நடந்தே வந்திருந்த தோட்டத்துச் சனங்கள், சீனக் கிழவிகள், முடவர்கள், யார் பெற்றது என்று தெரியாத ஒரு பட்டாளம் பிள்ளைகள். அண்ணி கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. வரிசையில் நில்லு, ஒனக்கு இப்பத்தானே போட்டேன், மூக்கைத் துடைச்சிட்டு வா என்று அதட்டி அதட்டிப் போட்டார். ரீத்தாவைப் பார்த்து அத்தனை பிள்ளைகளும் அவரை அத்தை என்றே கூப்பிட்டன. "அத்தை, இன்னும் கொஞ்சம் சம்பல்" என்று ஒரு சீனப் பையன் தமிழில் கேட்டதும் அண்ணி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

பந்தி ஓய்ந்ததும் திரும்பிப் பார்த்தேன், அண்ணியைக் காணோம். எனக்குப் பதறியது. தேடிக்கொண்டு போனால் கோவிலுக்குள் அன்னம்மாள் சுரூபத்தின் எதிரில் நின்றுகொண்டிருந்தார். முழங்காலில் இல்லை, நின்றுகொண்டுதான். சம்பல் பட்ட கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த உறவுக்காரியிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"ஒன் கோழிய அறுத்தது நான். ஆலிஸுக்கு ஒன்னும் தெரியாது. அதுக்குச் சோறு போட்டாச்சு. இன்னும் ஏதாச்சும் பாக்கின்னா என்கிட்ட வந்து கேளு, அந்தப் புள்ள பக்கம் போகாத."

சுரூபத்தின் காலடியில் சாய்ந்திருந்த மெழுகுவர்த்தி ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

"எனக்குன்னு ஒன்னும் கேக்க வரல. கேட்டுக் கேட்டு நானும் ஓஞ்சிட்டேன், நீயும் ஓஞ்சிருப்ப. பாத்து ரொம்ப நாளாச்சுல்ல, அதான் வந்தேன்."

ஒரு வருஷமாக என் நெஞ்சில் கிடந்த பயம் அந்த நிமிஷத்தில் போயிற்று. என் பிள்ளைக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் இப்படி ஒருத்தி நின்றுகொண்டு அதட்டினால் எந்தக் காய்ச்சல் வரும்? நான் தூண் ஓரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். அழுகிறவளைத் தேற்றுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

வெளியே வெயில் அடித்தது. ரீத்தாவும் அந்தப் பட்டாளமும் அண்டாவுக்குள் தலையை விட்டுக் காந்தலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆலிஸு," என்றார் அண்ணி. "அடுத்த வருஷம் எங்க வீட்டுக்கு வந்து பொய் சொல்லிக்கிட்டு நிக்காத. நேரா இங்க வந்துரு. நான் மொதல்லயே வந்து நெழலா ஒரு எடம் பாத்துப் புடிச்சு வெச்சிருப்பேன்."